பழைய பாக்கி: ஒரு ரீஃபண்ட் கதையும் ஒரு மன்னிப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். ஓய்வு பெற்றவர்களும், ஓய்வு பெற்ற அப்பா அம்மாவுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளும் அவசியம் கடைசி வரை படிக்க வேண்டும். இதில் வரி விஷயம் பாதி, என் தவறு பாதி.

போன மாதம் 15-ம் தேதி நம் 1996 பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு செய்தி போட்டேன். "பணம் சம்பந்தப்பட்ட வேலையை யாரிடம் கொடுக்கிறோம் என்று ஒன்றுக்கு நூறு தடவை யோசியுங்கள். படிக்கிற காலத்து அசட்டை ஆயுசுக்கும் போவதில்லை" என்று எழுதியிருந்தேன். பெயர் எதுவும் போடவில்லை. ஆனால் அந்த செட்டில் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற தொழிலில் இருப்பவன் ஒரே ஒருவன்தான். யாரைச் சொல்கிறேன் என்று குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும். அவனுக்கும் புரிந்தது.

அந்தச் செய்தி தவறு. எல்லோரும் பார்க்கச் சொன்ன தவறை எல்லோரும் பார்க்கத்தான் திருத்த வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்.

நான் 2019 மே மாதம் ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் என்று வந்த பணத்தை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு வைத்திருக்கிறேன். பென்ஷனும் வட்டியும்தான் வருமானம். 60 வயது முடிந்ததிலிருந்து, வரி கட்ட வேண்டியிருக்காத ஆண்டுகளில், ஏப்ரல் மாதமே வங்கிக்குப் போய் 15எச் படிவம் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டால் வட்டியில் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள். 2024 ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் சென்னையில் இருந்தோம். பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தில் 15எச் மறந்துபோனது. வங்கி விதிப்படி 10 சதவீதம் பிடித்தது. ஆண்டு முடிவில் பார்த்தால் 21,400 ரூபாய் பிடித்திருந்தார்கள்.

பிடித்தால் என்ன, திரும்பி வரும் பணம்தானே என்று நான் கவலைப்படவில்லை. அந்த ஆண்டுக்குப் புதிய வரி முறையில், 75,000 ரூபாய் நிலைக் கழிவு போக 7 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடியில் வரி பூஜ்யம் ஆகிவிடும். எனக்கு 7 லட்சத்துக்குள்தான் வந்தது. ஆகவே பிடித்தது முழுவதும் ரீஃபண்ட். 2025 ஆகஸ்ட் 20-ம் தேதி மருமகன் ஆன்லைனில் ரிட்டர்ன் போட்டார். ஆதார் ஓடிபி போட்டு அன்றைக்கே சரிபார்ப்பும் முடித்துவிட்டார்.

வீட்டுக்காரிக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். கருவி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "ரீஃபண்ட் வரட்டும், வந்த அன்றைக்கே போய் வாங்கிவிடலாம்" என்று சொல்லி வைத்திருந்தேன். செப்டம்பர் போனது. அக்டோபரில் தீபாவளியும் போனது. தினமும் காலையில் பேப்பர் படிப்பதற்கு முன்னால் வங்கி மெசேஜ் வந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கூட வேலை பார்த்த ஒருவருக்கு ரிட்டர்ன் போட்டு இரண்டே வாரத்தில் ரீஃபண்ட் வந்தது என்று கேள்விப்பட்டு, எனக்கு மட்டும் ஏன் இந்தத் தாமதம் என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் இரண்டாவது வாரத்தில் பணம் வந்தது. 5,596 ரூபாய்.

21,400 எங்கே, 5,596 எங்கே? மருமகனுக்குப் போன் போட்டேன். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "மாமா, 2019-20 மதிப்பீட்டு ஆண்டுக்கு ஒரு பழைய டிமாண்ட் நிலுவையில் இருந்திருக்கு. அதைக் கழிச்சிட்டு மீதியைப் போட்டிருக்காங்க" என்றார்.

2019-20 மதிப்பீட்டு ஆண்டு என்றால் நான் வேலையில் இருந்த கடைசி முழு ஆண்டின் வருமானம். அந்த ரிட்டர்னைப் போட்டது மருமகன் அல்ல, நம் பையன். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் அவன் ஆபீஸ். எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே போன் போட்டேன். அவன் "சார், நல்லா இருக்கீங்களா சார்" என்று ஆரம்பிப்பதற்குள் நான் பேசத் தொடங்கிவிட்டேன்.

"பீஸ் வாங்கிட்டு அரைகுறையா வேலை பாத்திருக்கியேப்பா. பத்தாம் வகுப்புல கணக்கைப் பாதியில விட்டுட்டுப் பேப்பரைக் கட்டுவியே, அதே புத்தி இன்னும் போகலையா?"

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. "சார், அந்த வருஷத்து ஃபைல் உங்ககிட்ட இருக்கும். ஒரு தடவை எடுத்துப் பாருங்க சார்" என்றான். நான் போனை வைத்துவிட்டேன். ஃபைலை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பை எடுத்தேன்.

நான்கு நாள் கழித்து வீட்டுக்காரிதான் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொல்லி ஃபைலைத் தேடி எடுத்தாள். "என்னங்க, அந்தப் பிள்ளை பாக்கச் சொல்லிச்சே, பாத்தீங்களா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். காது மந்தமானவள் கேட்டதை, காது கேட்கிற நான் கேட்கவில்லை.

ஃபைலில் 2019 ரிட்டர்னின் ஒப்புகைச் சீட்டு இருந்தது. அதன் பின்பக்கம் அவன் கையெழுத்தில் நாலு வரி:

"சார், 10ஈ படிவம் இன்னும் போடவில்லை. பள்ளியில் நீங்கள் கொடுத்த நிலுவைக் கணக்குத் தாளின் நகல் வேண்டும். அது இல்லாமல் 89 ரிலீஃப் நிற்காது. சீக்கிரம் கொண்டு வாருங்கள். 28.8.2019."

'சீக்கிரம்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான். விடைத்தாளில் நான் போடுகிற மாதிரியே.

ஆசிரியர்களாக இருக்கும் உறவுகளுக்கு இது என்னவென்று உடனே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் தேர்வுநிலை ஊதிய நிர்ணயத்தில் இருந்த பிழையைத் திருத்தி, நான்கு ஆண்டு நிலுவைத் தொகையை 2018 டிசம்பரில் மொத்தமாகக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுப் பணம் ஒரே ஆண்டில் வந்தால் அந்த ஒரு ஆண்டின் வருமானம் வீங்கிவிடும், வரியும் கூடிவிடும். அந்தந்த ஆண்டிலேயே கிடைத்திருந்தால் எவ்வளவு வரி வந்திருக்குமோ அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் 89-ம் பிரிவு இருக்கிறது. ஆண்டுவாரியாகப் பிரித்துக் கணக்குப் போட்டு, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கை 10ஈ என்ற படிவத்தில் ஆன்லைனில் வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும். ரிட்டர்னுக்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் முறை.

நான் என்ன செய்தேன்? பள்ளி அலுவலகத்தில் பேப்பரில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதன்படி ஃபார்ம் 16-ல் ரிலீஃப் காட்டி வரி பிடித்தார்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். சம்பளம் கொடுப்பவருக்கு நாம் காட்டும் கணக்கு வேறு, வரித் துறைக்கு நாம் நேரடியாகத் தாக்கல் செய்ய வேண்டிய படிவம் வேறு என்று எனக்கு உறைக்கவில்லை. ஆகஸ்ட் 31 கடைசி நாள் நெருங்கியதால் அவன் ரிட்டர்னைப் போட்டுவிட்டு, அந்த ஒரு தாளைக் கொண்டுவரச் சொன்னான். இரண்டு தடவை போனும் செய்தான். "பாக்கலாம்ப்பா" என்று சொன்னது எனக்கே மங்கலாக நினைவு வருகிறது. அப்போது பென்ஷன் ஆணைக்காக நான் அலைந்துகொண்டிருந்த நேரம். அந்தத் தாள் போகவே இல்லை.

இனி வரித் துறையின் பக்கம் என்ன நடந்தது என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் 'ரீஃபண்ட் ஏன் வரவில்லை, ஏன் குறைந்தது' என்ற கேள்வியில் முக்கால்வாசிக்குப் பதில் கிடைத்துவிடும்.

நாம் போடும் ரிட்டர்ன் பெங்களூருவில் உள்ள மத்திய செயலாக்க மையத்துக்குப் போகிறது. அங்கே கம்ப்யூட்டர் நம் கணக்கையும், வங்கி, சம்பளம் கொடுப்பவர் முதலானோர் அனுப்பிய கணக்கையும் ஒப்பிடுகிறது. முடிந்ததும் 143(1) என்ற பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு ஈமெயிலில் வரும். அதைத் திறக்க கடவுச்சொல் வேண்டும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதி, மாதம், ஆண்டு சேர்த்தால் அதுதான் கடவுச்சொல். உள்ளே இரண்டு பத்தி இருக்கும். ஒன்று நாம் சொன்னது, அடுத்தது அவர்கள் கணக்கிட்டது. இரண்டும் ஒவ்வொரு வரியிலும் ஒத்துப்போனால் நிம்மதி. எந்த வரியில் வேறுபடுகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது.

என் 2019 ரிட்டர்னுக்கு அந்த அறிவிப்பு 2020 ஜனவரி 10-ம் தேதி வந்திருக்கிறது. 89 ரிலீஃப் என்ற வரியில் என் பத்தியில் ஒரு தொகை, அவர்கள் பத்தியில் பூஜ்யம். 10ஈ படிவம் இல்லாததால் ரிலீஃபைத் தள்ளிவிட்டு, வட்டியும் சேர்த்து 9,800 ரூபாய் கட்டச் சொல்லியிருந்தார்கள். அது வந்த ஈமெயில், மகனைக் கல்லூரியில் சேர்க்கும்போது ஆரம்பித்தது. அதன் கடவுச்சொல் மறந்து எத்தனையோ வருடம். இரண்டு மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் எனக்கு ரீஃபண்ட் வர வேண்டிய நிலையே ஏற்படாததால் அந்த 9,800 அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கியது அசல் மட்டும்தான், வட்டி விழித்துக்கொண்டுதான் இருந்தது.

நம் ஊர் மளிகைக் கடையில் பற்று நோட்டு வைத்திருப்பார்கள் அல்லவா? நாம் ஒருநாள் கூடுதலாகக் காசு கொடுத்துவிட்டு மீதி கேட்டால், அண்ணாச்சி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பழைய பாக்கி இருக்கே, கழிச்சுக்கிடட்டுமா?" என்பார். 245-ம் பிரிவு அதுதான். ரீஃபண்ட் கொடுக்கும் முன் பழைய ஆண்டு பாக்கி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணாச்சி கேட்கிற மாதிரி அவர்களும் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேண்டும். எனக்கும் கேட்டிருந்தார்கள். அக்டோபர் 9-ம் தேதி, அதே பழைய ஈமெயிலுக்கு. பதில் சொல்ல 21 நாள் கெடு. நான் பதில் சொல்லாததால், மறுப்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு கழித்துவிட்டார்கள். நான் தினமும் காலையில் வங்கி மெசேஜைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் அந்த 21 நாளும் ஓடி முடிந்திருக்கிறது.

கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கைப் போர்டில் எழுதிவிடுகிறேன்.

வர வேண்டிய ரீஃபண்ட்: 21,400.
அதற்கு அவர்கள் தரும் வட்டி, மாதம் அரை சதவீதம். கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டதால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 8 மாதம்: 107 × 8 = 856.
மொத்தம்: 22,256.

பழைய பாக்கி: 9,800.
அதற்கு நான் தர வேண்டிய வட்டி, மாதம் ஒரு சதவீதம். அறிவிப்பு வந்து 30 நாள் போக, 2020 பிப்ரவரி முதல் 70 மாதம்: 98 × 70 = 6,860.
மொத்தம்: 16,660.

மீதி: 5,596. பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது.

கவனித்தீர்களா? அவர்கள் தாமதித்தால் மாதத்துக்கு அரை சதவீதம், நாம் தாமதித்தால் ஒரு சதவீதம். அந்த அரை சதவீத வட்டியும் அடுத்த ஆண்டு நம் வருமானத்தில் சேரும், மறக்காமல் காட்ட வேண்டும்.

ஃபைலைப் பார்த்த மறுநாள் காலையில் அவன் ஆபீசுக்குப் போனேன். கையில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். கோவில்பட்டிக்காரன் சமாதானத்துக்குப் போனால் வேறு எதைக் கொண்டுபோவான்? மாடிப்படி ஏறும்போது கால் வலித்தது, மனசு அதைவிட வலித்தது. என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். 44 வயது ஆள், எதிரே இரண்டு வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார்கள், வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியே நின்றான். நான் ஒப்புகைச் சீட்டைத் திருப்பி மேசையில் வைத்தேன்.

"என் தப்புப்பா" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

"விடுங்க சார். உங்ககிட்ட திட்டு வாங்குறது எனக்குப் புதுசா?" என்று சிரித்தான். பிறகு வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்கு எல்லாவற்றையும் காட்டினான். மேலே நான் எழுதியதில் பெரும்பகுதி அன்றைக்கு அவன் எனக்கு நடத்திய பாடம்தான்.

அவன் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. "சார், உங்க நிலுவை உண்மை, உங்க ரிலீஃபும் நியாயமானது. இந்தப் பணம் நீங்க கட்ட வேண்டியதே இல்லை. 143(1) அறிவிப்புல தப்பு இருந்தா 154-ம் பிரிவுல திருத்தம் கேக்கலாம். ஆனா அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிஞ்சு நாலு வருஷத்துக்குள்ள கேக்கணும். உங்களுக்கு அது 2024 மார்ச் 31-லயே முடிஞ்சிருச்சு." ஆக, கட்ட வேண்டியிராத பணத்தை, ஒரு தாளைக் கொண்டுபோய்க் கொடுக்காததால் வட்டியோடு கட்டியிருக்கிறேன்.

சிறிய பாக்கிகளை எல்லாம் அரசு தள்ளுபடி செய்துவிட்டதாமே என்று கேட்டேன். செய்தது உண்மைதான். 2024 தொடக்கத்தில் அறிவித்தார்கள். ஆனால் அது 2015-16 மதிப்பீட்டு ஆண்டு வரையிலான பாக்கிகளுக்குத்தான். 2010-11 வரை உள்ளவற்றில் 25,000 ரூபாய் வரையும், அதற்குப் பிறகு 2015-16 வரை உள்ளவற்றில் 10,000 வரையும். என்னுடையது 2019-20. அதில் வராது.

காலதாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டு மேலதிகாரிக்கு ஒரு மனு போடலாம் என்றான். "கிடைக்கும்னு சொல்ல மாட்டேன் சார், கேட்டுப் பாக்கலாம்" என்றான். போட்டிருக்கிறோம். கிடைத்தால் சொல்கிறேன். அந்த மனுவுக்கு பீஸ் கொடுத்தேன், வாங்கவில்லை. "2019-லயே வாங்கிட்டேன் சார். அந்த வேலை இப்பத்தான் முடியுது" என்றான். இவனைத்தான் நான் பாதியில் விடுகிறவன் என்று எழுதினேன்.

கிளம்பும்போது அவன் உதவிக்கு இருக்கும் பெண் கீழே வரை வந்து ஒரு விஷயம் சொன்னாள். குழுவில் என் செய்தி வந்த பிறகு நம் செட்டில் இரண்டு பேர் தங்கள் ஃபைல்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அவன் இதை என்னிடம் சொல்லவே இல்லை.

அந்த இரண்டு பேருக்கும் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நான் சொன்னது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, விசாரிக்காமல் சொன்ன பொய். என் பேச்சை நம்பி எடுத்த முடிவை, இந்தப் பதிவையும் நம்பி மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி, என் போன்ற வயதானவர்களுக்காகச் சில குறிப்புகள். அன்றைக்கு அவனிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தது.

ஒன்று. ரிட்டர்ன் போட்டால் மட்டும் போதாது. 30 நாளுக்குள் சரிபார்ப்பு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் போட்ட ரிட்டர்ன் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாமல் கிடக்கும். 'இரண்டு மாதமாக ரீஃபண்ட் வரவில்லை' என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டு. ரீஃபண்ட் போக வேண்டிய வங்கிக் கணக்கு போர்ட்டலில் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். நம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல், பான் கார்டில் அதை அப்பா பெயராக விரித்துப் போட்டிருப்பார்கள். வங்கியில் ஒரு எழுத்து, பானில் முழுப் பெயர் என்றால் பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடலாம். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் இணைந்தன. இப்படி வங்கி இணைந்தவர்களுக்கு ஐஎஃப்எஸ்சி எண் மாறியிருக்கும், பழைய எண் இருந்தால் பணம் போய்ச் சேராது. கணக்கைச் சரிசெய்துவிட்டு 'ரீஃபண்ட் ரீ-இஷ்யூ' கேட்டால் மறுபடி அனுப்புவார்கள்.

மூன்று. பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல், இணைக்காத பான் செயலிழந்ததாகக் கருதப்படுகிறது. அதற்கு ரீஃபண்ட் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு.

நான்கு. ரிட்டர்ன் போடும் முன் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்ற இரண்டு அறிக்கைகளையும் போர்ட்டலில் பாருங்கள். வங்கி பிடித்த டிடிஎஸ் அதில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத தொகையை நாம் கேட்டால் கிடைக்காது. அதேபோல் நாம் காட்டாமல் விட்ட வட்டி அதில் இருந்தாலும் கணக்கு இடிக்கும், தாமதமாகும்.

ஐந்து. மிக முக்கியமானது. உள்ளே போனதும் 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்பதில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்று ஒன்று இருக்கும். ரீஃபண்ட் வர வேண்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு தடவை அதைத் திறந்து பாருங்கள். ஏதாவது பாக்கி காட்டினால் ஏன் என்று விசாரியுங்கள். பாக்கி சரிதான் என்று ஒப்புக்கொள்ளும் பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். ஒரு தடவை ஒப்புக்கொண்டால் பிறகு மறுக்க முடியாது. தவறு என்றால் மறுப்பதற்கும் அங்கேயே இடம் இருக்கிறது, முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ மறுக்கலாம்.

ஆறு. போர்ட்டலில் உள்ள ஈமெயிலும் கைபேசி எண்ணும் நீங்கள் தினமும் பார்க்கிறவையாக இருக்கட்டும். நான் இழந்த பணத்துக்கு இந்த ஒன்றைச் சரியாக வைத்திருந்தாலே போதும். ஆறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஏழு. தாமதம் எல்லாமே தப்புக்கு அடையாளம் இல்லை. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து 9 மாதம் வரை 143(1) அறிவிப்பு அனுப்ப சட்டம் நேரம் கொடுக்கிறது. 2025-26 நிதியாண்டில் போட்டவர்களுக்கு அது 2026 டிசம்பர் 31. ஆகவே பதற வேண்டாம். ஆனால் பதறாமல் இருப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்றல்ல.

எட்டு. 'உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த லிங்க்கை அழுத்தி வங்கி விவரம் கொடுங்கள்' என்று மெசேஜ் வந்தால் தொடாதீர்கள். எனக்கு அக்டோபரில் ஒன்று வந்தது. ஆசையில் விரல் அதன்மேல் வரை போய்விட்டது. வரித் துறை ஓடிபியோ, பின் எண்ணோ, கார்டு விவரமோ கேட்காது. சந்தேகம் என்றால் நீங்களே போர்ட்டலுக்குள் போய்ப் பாருங்கள். வந்த நோட்டீஸ் உண்மையா என்று சோதிக்கவும் அங்கே வசதி இருக்கிறது.

ஒன்பது. வரி வராது என்று தெரிந்தால், டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் படிவத்தை ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். 2025-26 நிதியாண்டு முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சம் வரை டிடிஎஸ் இல்லை. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடியில் வரியும் இல்லை. பிடிக்காத பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதும் இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். மேலே சொன்ன பிரிவு எண்கள் அதில் வேறு, 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற சொல்லே போய் 'வரி ஆண்டு' என்று இருக்கிறது. எண் மாறினாலும் நோட்டில் பாக்கி இருந்தால் பாக்கிதான்.

33 ஆண்டு விடைத்தாள் திருத்தினேன். பேப்பர் கொடுத்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிற பிள்ளைகளிடம், "மார்க்கைப் பாக்காதடா, எங்க குறைஞ்சதுன்னு பாரு" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியிருக்கிறேன். எனக்கு வந்த தாளில் நான் மார்க்கை மட்டும்தான் பார்த்தேன். குறைந்த உடன் பக்கத்து பெஞ்சுக்காரன்மேல் பழி போட்டேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கணக்கைப் பாதியில் விட்டதற்காக என்னிடம் அத்தனை அடி வாங்கிய பையனே, நீ விட்டுச் சென்ற பாதிக் கணக்குகளில் எத்தனைக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுக்காதது காரணமோ, எனக்குத் தெரியாது. இந்தக் கணக்கில் நீ முழுமையாகப் போட்டிருந்தாய், நான்தான் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிடு. குழுவிலும் இந்தப் பதிவைப் போடுகிறேன். பழைய செய்தியை நீக்கவில்லை. அதற்குக் கீழேயே இது இருக்கட்டும்.

காதுக் கருவி போன வாரம் வாங்கியாகிவிட்டது. பென்ஷனிலிருந்து பாதி, மகன் அனுப்பியது பாதி. மாட்டியதும் வீட்டுக்காரி சொன்ன முதல் வார்த்தை: "எனக்குக் கருவி வாங்கியாச்சு, உங்களுக்கு எப்ப வாங்கப் போறீங்க?"

இந்தப் பதிவைப் படித்து முடித்தவர்கள் லைக் போட வேண்டாம். உங்கள் அப்பாவின் போர்ட்டலைத் திறந்து, அந்த ஐந்தாவது குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு, 'பார்த்துவிட்டேன் சார்' என்று எழுதுங்கள். போதும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்